நர்சிங் கல்லூரி: ‘அங்கீகாரம் உண்டு’ என்றால் யாருடைய அங்கீகாரம்?

மே 3, மாலை. கேள்வி

சிஸ்டர், தங்கை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். நர்சிங்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மூன்று இடங்களில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று பழைய கல்லூரி, கட்டடத்தைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது, ஆனால் சொந்த மருத்துவமனை பக்கத்திலேயே. இரண்டாவது புதிது. எங்கு பார்த்தாலும் கண்ணாடி, பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் பெரிய சிமுலேஷன் லேப். “அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்கிறார்கள். மூன்றாவதில் பாடம் பாதி ஆன்லைன், வாசலிலேயே ‘100 சதவீத வேலை’ என்று பலகை. உலகம் முழுக்க நர்ஸுக்குப் பஞ்சம், எதில் படித்தால் என்ன என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானே?

மே 3, இரவு 10:40

பாதி சரி. பஞ்சம் இருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023இல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருந்தார்கள், பற்றாக்குறை 58 லட்சம். ஆனால் அந்த 58 லட்சம் பேர் தேவை என்பது ஒரு கணக்கு. அத்தனை பேருக்குச் சம்பளம் போட யாராவது பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது வேறு கணக்கு. பிலிப்பைன்ஸில் 2000களில் தெருவுக்குத் தெரு நர்சிங் கல்லூரி திறந்தார்கள். படித்து முடித்தவர்கள் அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமே இல்லாமல் வார்டில் ‘வாலன்டியர்’ ஆக நின்றார்கள். அதற்கு மருத்துவமனைக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு. வார்டில் ஆள் பற்றாக்குறை, வெளியே வேலையில்லாத நர்சுகள், இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில்.

இரண்டாவது கல்லூரியைத் தொடவே தொடாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மே 4, காலை 8:15

நைட் முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய முதல் தொல்லையே இந்தச் சொல்தான். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘அங்கீகாரம்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். கல்லூரிக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி. நாம் ஒன்றைக் கேட்போம், அவர்கள் வேறொன்றை நினைத்துக்கொண்டு “உண்டு” என்பார்கள். பொய் சொன்னதாகவும் ஆகாது.

உண்மையில் நான்கு தனித்தனிச் சமாச்சாரம் இருக்கிறது. கல்லூரி நடத்த அரசு தரும் அனுமதி ஒன்று. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இன்னொன்று. நர்சிங் கவுன்சில் அல்லது போர்டு, “இந்தப் படிப்பை முடித்தவரை நர்ஸாகப் பதிவு செய்வோம்” என்று தரும் ஒப்புதல் மூன்றாவது. கடைசியாக, தரம் பார்த்து ஒரு தனி அமைப்பு தரும் சான்று.

உங்கள் தங்கை நர்ஸ் ஆவதும் ஆகாததும் மூன்றாவதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் படிப்பவர்களுக்கு, அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. ஒப்புதல் தந்த படிப்பாக இருந்தால்தான் அதை முடித்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும். அமெரிக்காவில் படிப்பவர்களை, அந்தந்த மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல் கல்லூரிக்கு இருந்தால்தான் நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வு எழுத விடுவார்கள். ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ. என்ற அமைப்புகளின் சான்று என்று அவர்கள் சொல்வது நான்காவது வகை, அதற்கு மேலே வருவது. பல மாநிலங்களில் அது கட்டாயம் இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் சேரப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். மேல்படிப்புக்கும் கேட்பார்கள். இந்தியாவில், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் கிரேடு போட்டுப் பெரிய பேனர் வைப்பார்கள். அது கல்லூரிக்கு வந்த மார்க். அதைக் காட்டி யாரும் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது.

அதனால் “அங்கீகாரம் இருக்கிறதா” என்று கேட்கவே கேட்காதீர்கள். “முடித்ததும் எந்தக் கவுன்சிலில் பதிவு ஆகும், உங்கள் பெயர் இந்த ஆண்டு அவர்கள் பட்டியலில் எங்கே இருக்கிறது” என்று கேளுங்கள். அதையும் கல்லூரியிடம் கேட்டு நிறுத்தாமல், கவுன்சில் வெளியிடும் பட்டியலில் நீங்களே தேடுங்கள். பெண் பார்க்கப் போகும்போது தரகர் சொன்னதை மட்டும் நம்பியா போகிறோம்?

மே 4, மதியம்

தூக்கம் வரவில்லை. ஒன்று விட்டுப்போயிற்று. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஆண்டையும் பாருங்கள். எந்தப் படிப்புக்கு, எத்தனை சீட்டுக்கு என்பதையும் பாருங்கள். 60 சீட்டுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு 100 பேரைச் சேர்த்தால் அந்த மிச்சம் 40 பேர் யார் என்பது கடைசி வருடத்தில்தான் தெரியவரும்.

சட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதன் இடத்தில் புது ஆணையம் அமைக்க 2023இல் வேறு சட்டம் போட்டார்கள். ஆகவே பிரின்சிபால் அறைச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிற பழைய கடிதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

மே 5

இரண்டாவது கல்லூரி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் படித்துவிட்டு நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம். தரச்சான்று தரும் அமைப்புகள் பல, கல்லூரி சில காலம் நடந்து, மாணவர்கள் வெளியே வந்த பிறகுதான் உள்ளே வந்து பார்க்கும். அப்படியானால் புதுக் கல்லூரியில் அது இல்லாதது குற்றம் ஆகாது. யாராவது முதல் பேட்ச்சாகச் சேர்ந்துதானே ஆக வேண்டும்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். விண்ணப்பித்திருப்பது நான்காவது வகைக்கு என்றால் யோசிக்கலாம். மூன்றாவது வகைக்கே இன்னும் விண்ணப்பம்தான் என்றால் முந்தாநாள் சொன்னதேதான், தொடாதீர்கள். ‘வந்துவிடும்’ என்பதை எழுத்தில் தருவார்களா, வராவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவதைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

என் தோழி ஒருத்தி இதில் அகப்பட்டாள். கல்லூரி நல்ல கல்லூரி, ஆசிரியர்கள் நல்லவர்கள். அவள் சேர்ந்த வருடம் கவுன்சில் ஒப்புதலின் புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. நான்கு வருடம் படித்து, தேர்வும் எழுதி முடித்த பிறகு பதிவு கிடையாது என்றார்கள். கல்லூரி வழக்குப் போட்டு, அது முடிந்து பதிவு எண் கைக்கு வர இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருடமும் ஒரு சின்ன கிளினிக்கில் உதவியாளர் சம்பளத்தில் நர்ஸ் வேலை பார்த்தாள். ஊசி போடுவதில் அவள் கை என்னுடையதைவிட நூறு மடங்கு சுத்தம்.

மே 6, இரவு

இப்போது என் கதை. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நான் படித்த இடத்தில் எல்லா ஒப்புதலும் சரியாக இருந்தது. முடித்த மாதமே பதிவும் ஆயிற்று. கற்றுக்கொண்டது மட்டும் குறைவு.

எங்களுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. பஸ்ஸில் ஏற்றி இன்னொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். 28 படுக்கை வார்டில் 40 பேருக்கு மேல், வெவ்வேறு நிற யூனிபார்மில். ஒரு நாள் ஒரு பெரியவரிடம் பிரஷர் கருவியோடு போனேன். கையை நீட்டவே இல்லை. “காலையிலிருந்து ஏழு பேர் பார்த்துவிட்டீர்கள், ஏழு பேரும் ஏழு நம்பர் சொன்னீர்கள். நானே சொல்கிறேன், 130க்கு 80 என்று எழுதிக்கொள்ளம்மா” என்றார். எழுதிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற இருவரும் அதையே எழுதிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று லேபில் திடீரென்று நான்கு புது மேனிக்வின்கள் (பயிற்சிக்கான பொம்மை நோயாளிகள்) படுத்திருந்தன. ஒன்றுக்குப் படுக்கை விரிப்பு மாற்றும்போது குதிகாலில் மார்க்கர் பேனாவால் வேறொரு கல்லூரியின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். டியூட்டரிடம் காட்டினேன். “காலுக்கு சாக்ஸ் போட்டுவிடு” என்றார். சாயங்காலம் வேன் வந்து நால்வரையும் அழைத்துப் போய்விட்டது.

லாக்புக் கதை இன்னும் மோசம். ஒவ்வொரு செயல்முறையும் இத்தனை தடவை செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் டியூட்டர் கையெழுத்து வேண்டும். கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், போட்டது நான் உண்மையில் இரண்டு தடவை, புத்தகத்தில் பத்து. கடைசி வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பினோம். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனா மாற்றினோம். அதை ஒரு பாடமாகவே எடுத்திருக்கலாம்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், இரவு இரண்டு மணி. ஒரு பாட்டிக்கு மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது, டாக்டர் போனிலேயே கதீட்டர் போடச் சொல்லிவிட்டார். சீனியர் சிஸ்டர் வேறொரு எமர்ஜென்சியில். ஸ்டெரைல் கிளவுஸ் போட்ட கையை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, திறப்பு எது என்று தெரியவில்லை. முதல் தடவை தப்பான இடத்துக்குப் போயிற்று. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, பாட்டி காதில் விழாத குரலில் சொன்னார்: “அதை எடுக்காதீங்க சிஸ்டர், அங்கேயே இருக்கட்டும். வேற டியூப் எடுத்து அதுக்குக் கொஞ்சம் மேலே.” முதல் குழாயை அடையாளமாக விட்டுவிட்டு இரண்டாவதை மேலே வைக்க வேண்டும் என்ற அந்தச் சூட்சுமம் ஆயாம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என் லாக்புக்கின்படி நான் அதைப் பத்து தடவை செய்தவள்.

மே 7

நிறைய பேர் அந்தப் பாட்டி என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். நன்றாக ஆனார். காலையில் எனக்கு ஆசீர்வாதம் செய்தார். அது ஆயாம்மாவுக்குப் போக வேண்டியது.

மே 8

“பாஸ் சதவீதம் பார்த்தால் போதாதா, எதற்கு இத்தனை சுற்று” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாருங்கள். பதிவுக்குத் தனித் தேர்வு இருக்கும் நாடுகளில் அது நல்ல அளவுகோல். அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் எத்தனை பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள் என்பதைப் போர்டுகள் வெளியிடுகின்றன. பல மாநிலங்களில் அது 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கல்லூரிக்குக் கேள்வி வரும். அந்தத் தேர்வைக் கம்ப்யூட்டர்தான் நடத்தும், முடிவு தெளிவானதும் தானே நின்றுவிடும். 75 கேள்வியிலேயே அது நின்றுவிட்டால் பாஸ் என்று பிள்ளைகள் ஒரு ஜோசியம் வைத்திருப்பார்கள். அதெல்லாம் சும்மா. நன்றாக எழுதினாலும் சீக்கிரம் நிற்கும், மோசமாக எழுதினாலும் சீக்கிரம் நிற்கும்.

மே 8, அரை மணி கழித்து

75 என்பது பழைய கணக்கு. 2023 ஏப்ரலில் தேர்வை மாற்றியபோது குறைந்தது 85, அதிகபட்சம் 150 என்று ஆக்கினார்கள். நான் எழுதிய காலம் தெரிந்துபோயிற்று.

மே 9

பாஸ் சதவீதத்தை நேற்றுக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துவிட்டேன். அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. 100 பேரைச் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். தேறுவார்களா என்று சந்தேகம் வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கடைசியில் ஓர் உள் தேர்வு வைத்து நிறுத்துகிறார்கள். 60 பேர் மட்டும் போய்த் தேர்வு எழுதி 57 பேர் பாஸ். பலகையில் 95 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 57தான். மிச்சம் 43 பேர் கட்டிய பணமும் போன வருடங்களும் எந்தப் பலகையிலும் வராது. எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். இந்த எண் சட்டென்று வரவில்லை என்றால் காபி ஆறும்வரை காத்திருக்க வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

‘100 சதவீத வேலை’யும் இதே ஜாதிதான். எந்த மருத்துவமனையில், எத்தனை மாத ஒப்பந்தம், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள்? அதைவிட முக்கியம், வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? என்னுடையதை வைத்துக்கொண்டார்கள். வேறு நல்ல இடத்தில் வேலை கிடைத்தபோது அவற்றை வாங்க எட்டு தடவை நடந்தேன். கடைசியில் அந்த வேலை போய்விட்டது, சான்றிதழ் வந்தது.

மே 10

மூன்றாவது கல்லூரி பற்றி. பாடம் ஆன்லைன் என்பதில் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மருந்தியல் பாடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே நான் தூங்கியிருக்கிறேன், வீட்டிலிருந்து தூங்கினால் என்ன? கேட்க வேண்டியது, வார்டு மணிக்கணக்கு எங்கே, எத்தனை என்பது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்ஸுக்குக் குறைந்தது 4,600 மணி நேரப் பயிற்சி, அதில் பாதியாவது நோயாளிகளோடு என்று சட்டமே இருக்கிறது. வேறு நாட்டில் பதிவு செய்யப் போனால் பாடவாரியாக மணிக்கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்வார்கள். குழந்தைகள் வார்டு இவ்வளவு, பிரசவ வார்டு இவ்வளவு, மனநலம் இவ்வளவு என்று. கலிபோர்னியா போர்டு இன்னும் ஒரு படி மேலே போய், பாடமும் அதற்கான வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்று பார்க்கும். இந்த ஒரு காரணத்தால் பிலிப்பைன்ஸில் படித்த பலர் அங்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். பட்டம் நல்ல பட்டம்தான். பாடத்தை ஒரு செமஸ்டரில் முடித்துவிட்டு வார்டுக்கு அடுத்ததில் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஒன்பது வருடம் கழித்து, வெளிநாட்டுப் பதிவுக்காக இந்தப் பாடவாரிக் கணக்கை (டிரான்ஸ்கிரிப்ட்) கேட்டுக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் என்னை ஏதோ கடன் கேட்க வந்தவள் போலப் பார்த்தார். நான்கு மாதம் கழித்து உறையிட்டு அனுப்பினார்கள். மதிப்பீடு செய்யும் இடத்திலிருந்து திரும்பி வந்தது: உறையின் ஒட்டிய மடிப்பில் முத்திரை சரியாக இல்லை. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி திரும்பியது: மனநல நர்சிங் வார்டு மணிநேரம் தனியாகக் காட்டப்படவில்லை. நான் போன மனநல போஸ்டிங் நன்றாக நினைவிருக்கிறது, தினம் என்னோடு கேரம் ஆடிய ஒரு நோயாளி உட்பட. தாளில் மட்டும் அது இல்லை.

மே 10, இரவு

கண்ணாடிக் கட்டடத்து சிமுலேஷன் லேபைக் கிண்டல் செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் என்கிறார் கேள்வி கேட்டவர். செய்யத்தான் இருந்தேன். அதற்குள் 2014இல் அமெரிக்க நர்சிங் போர்டுகளின் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. வார்டு மணிநேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றிப் பார்த்தார்கள். தேர்விலும் சரி, வேலையிலும் சரி, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் உட்கார வைத்து எங்கே தப்பு என்று பேசினார்கள். பொம்மையை வாங்கிப் பூட்டி வைத்ததை ஆய்வு செய்யவில்லை.

லேபைப் பார்க்கப் போனால் ஒன்று செய்யுங்கள். மேனிக்வினின் முழங்கை மடிப்பைப் பாருங்கள். ரப்பர் முழுக்க ஊசித் துளையாக, கிழிந்து, டேப் ஒட்டியிருந்தால் நல்ல லேப். குழந்தைக் கன்னம் மாதிரி வழவழப்பாக இருந்தால் மாணவி யாரும் அதைத் தொடவில்லை.

மே 11

குறுக்கு வழி பற்றி இருவர் தனியாகக் கேட்டார்கள். ‘போகாமலே பட்டம், எல்லா அங்கீகாரமும் உண்டு’ என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்று ஒரு விசாரணை வெளியே வந்தது. புளோரிடாவில் மூன்று கல்லூரிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்களை விற்றிருந்தன. கவனியுங்கள், அவை போர்டின் பட்டியலில் இருந்த கல்லூரிகள். வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்க்ளெக்ஸும் பாஸ் செய்துவிட்டார்கள். பிறகு மாநிலம் மாநிலமாக உரிமத்தைப் பறித்தார்கள். அதே கல்லூரிகளில் ஒழுங்காகப் போய்ப் படித்தவர்களும் நான் உண்மையாகப் படித்தேன் என்று நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று. எனக்கு அவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிலிப்பைன்ஸில் 2006 ஜூன் தேர்வில் வினாத்தாள் கசிந்தபோதும் இதுதான் நடந்தது. கசிந்த தாளைப் பார்க்காதவர்களும் அந்த பேட்ச்சில் இருந்தார்கள். அமெரிக்க விசாவுக்கான சான்று தரும் அமைப்பு மொத்த பேட்ச்சுக்கும் சேர்த்து மறுத்துவிட்டது, சம்பந்தப்பட்ட தாள்களை மறுபடி எழுதித் தேறினால்தான் உண்டு என்றது. கல்லூரியின் பெயர் கெட்டால் அது நம் பட்டத்தில்தான் வந்து ஒட்டும். முதலில் எழுதிய நான்கு அங்கீகாரங்களின் வரிசையில் ஐந்தாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெயர்.

மே 12

நர்சுகள் தினம். காலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள், மதியம் இருவர் லீவு என்று எனக்கு டபுள் டியூட்டி கொடுத்தார்கள்.

நைட்டிங்கேல் பிறந்தநாள் என்பதால் ஒன்று சொல்லலாம். 1860இல் அவர் லண்டனில் பள்ளி தொடங்கியபோது அதை செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள்தான் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த மருத்துவமனை முதலில், பள்ளி பிறகு. இப்போது கட்டடம் முதலில், பஸ் இரண்டாவது, நோயாளி எங்கேயோ. உங்கள் முதல் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பார்த்துப் பாவப்பட்டீர்களே, அதன் மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? பெயருக்கு நூறு படுக்கை போட்டு, விரிப்புக் கசங்காமல் இருக்கும் இடங்களும் உண்டு.

மே 13

டிப்ளமோ போதுமா, பட்டம்தான் வேண்டுமா என்று ஒருவர். சுருக்கமாக: முதல் வேலைக்குப் பல இடங்களில் டிப்ளமோ போதும், மேலே ஏறும்போது இடிக்கும். நியூயார்க்கில் 2017இல் போட்ட சட்டப்படி, புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் பத்து வருடத்துக்குள் பட்டம் முடிக்க வேண்டும். நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். பட்டம் படித்த நர்சுகள் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்பதும் இருக்கிறது. நிர்வாகங்கள் முதல் வரியை மட்டும் படிப்பார்கள்.

என்னுடன் வேலை பார்த்ததிலேயே கெட்டிக்காரி டிப்ளமோதான். அவரை இன்சார்ஜ் ஆக்கவில்லை. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட என்னை ஆக்கினார்கள். இன்றும் அவர் கண்ணைப் பார்த்து ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) போட எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மே 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். தங்கையே மூன்று இடத்துக்கும் போனாளாம். பிரின்சிபாலைப் பார்ப்பதற்கு முன்னால், டியூட்டி மாறும் நேரத்தில் வார்டு வாசலில் நின்று, வெளியே வந்த மூன்றாம் வருட மாணவிகளிடம் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாள்: “கடைசியாக எப்போது நீங்களே கதீட்டர் போட்டீர்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?”

மூன்றாவது கல்லூரிப் பெண், “எங்களுக்கு அது அடுத்த செமஸ்டர்” என்றாளாம். இரண்டாவதில் வார்டே இன்னும் முடிவாகவில்லை. கவுன்சில் பட்டியலிலும் அவர்கள் பெயரை இவர்கள் காணவில்லை. பழைய கல்லூரிப் பெண் கொஞ்சம் எரிச்சலோடு, “நேற்று. மேடம் பக்கத்திலேயே நின்றார்கள், கிளவுஸ் போடும்போது கை பட்டுவிட்டது என்று மூன்று தடவை முதலிலிருந்து செய்ய வைத்தார்கள்” என்றிருக்கிறாள். தங்கைக்கு அந்த மேடம் மேல் இப்போதே பயமாம்.

எனக்கு அந்த மேடத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அங்கேயே சேருங்கள்.

அப்பா என்ன சொல்கிறார்?

மே 17

அப்பா “பஞ்சம் இருக்கிறதுதானே” என்று இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும், சேர்ந்த பிறகு. ஒவ்வொரு வருடமும் முடிந்ததும் அந்த வருடப் பாடத்திட்டம், வார்டு வாரியாக மணிக்கணக்கு, இரண்டின் நகலையும் அலுவலகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கும்போது சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கல்லூரியே நாளை இருக்குமோ என்னவோ. வாங்கும்போது மையை நன்றாகத் தொட்டு அழுத்தச் சொல்ல வேண்டும். என் உறையில் பாதி வட்டம்தான் விழுந்திருந்தது.